கட்டளை இல்லாத கடமை

அமெரிக்காவில் மோட்டார் தொழிலுக்குத் தலைநகரம் என்று பெயர் வாங்கிய டெட்ராய்ட்டின் புறநகர்ப் பகுதியில், 1963-ஆம் ஆண்டு, எட்டு யூதக் குடும்பத்தார் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு புதிய சபையை ஸ்தாபித்து, அதற்கு பர்மிங்ஹாம் டெம்பிள் என்று பெயரிட்டு, ஷெர்வின் வைன் என்ற முப்பத்தைந்து வயது ரப்பியைத் தங்கள் குருவாக அமர்த்திக்கொண்டார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டு யூதர் இருக்கும் ஊரில் மூன்று ஜெபாலயங்கள் இருக்கும் என்பது அந்தச் சமூகத்தார் தங்களைத் தாங்களே பரிகசித்துச் சொல்லிக்கொள்ளும் பேச்சு. ஆனால் அடுத்த ஆண்டின் இறுதிக்குள் அச்சபையார், தாங்கள் ஓதிவந்த பாடங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இதை நாம் உண்மையிலேயே நம்புகிறோமா, நம்பாவிட்டால் ஏன் சொல்கிறோம் என்று விசாரித்து, அந்த விசாரணையின் முடிவாகக் கடவுள் என்ற சொல்லையே தங்கள் ஆராதனை முறையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி வெளியே பரவியபோது உண்டான கொந்தளிப்பு கொஞ்சநஞ்சமல்ல. 1965-ல் 'டைம்' பத்திரிகை 'நாஸ்திக ரப்பி' என்ற மகுடத்தின் கீழ் அவரைப் பற்றி எழுதிற்று. யூத சமூகத்தின் பெரியோர்களில் பலர், இதற்கு யூத மதம் என்ற பெயரே தகாது என்றார்கள்.

வைன் விளையாட்டுப் பிள்ளை அல்லர். மிச்சிகன் சர்வகலாசாலையில் தத்துவம் படித்தவர். சின்சினாட்டியில் உள்ள ஹீப்ரு யூனியன் கல்லூரியில் முறையாகப் பயின்று 1956-ல் சீர்திருத்த யூத மரபில் ரப்பியாக அபிஷேகம் பெற்றவர். அமெரிக்க ராணுவத்தின் சமய குருவாகக் கொரியாவில் பணியாற்றியவர். டெட்ராய்ட்டுக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் கனடாவின் வின்ட்சர் நகரத்தில் ஒரு சபையை நடத்தியவர். கடவுள் உண்டா இல்லையா என்ற தர்க்கத்தில் அவருக்குப் பெரிய சிரத்தை இருந்ததாகவும் தோன்றவில்லை. சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒரு விஷயத்தைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ சாதிப்பதில் பயனில்லை என்பதே அவருடைய கட்சி. அவருடைய மனத்தை உறுத்திய கேள்வி வேறு. வெள்ளிக்கிழமை தோறும் ஜெபாலயத்துக்கு வந்து, பூமியையும் வானத்தையும் படைத்தவனைத் துதித்துவிட்டு, வாசலைக் கடந்ததும் அதில் ஒரு வார்த்தையையும் நம்பாதவர்களாக வீடு திரும்பும் படித்த யூதர்களை அவர் ஏராளமாகக் கண்டிருந்தார். வாய் ஒன்று சொல்ல மனம் ஒன்று நினைக்கும் இந்தப் பழக்கம், கடவுளுக்குச் செய்யும் அபசாரமோ அல்லவோ, மனிதன் தன் பகுத்தறிவுக்குச் செய்துகொள்ளும் அவமானம் என்று அவர் கருதினார்.

நம்பிக்கை இழந்த யூதர்கள் அவருக்கு முன்பு இல்லாமலில்லை. 1656-ல் ஆம்ஸ்டர்டாம் சபையார் தத்துவஞானி ஸ்பினோசாவைச் சாபமிட்டு விலக்கியது உலகறிந்த கதை. 1876-ல் நியூயார்க்கில் ஒரு ரப்பியின் குமாரரான ஃபீலிக்ஸ் அட்லர், தெய்வமும் வேண்டாம், யூதன் என்ற பேதமும் வேண்டாம் என்று இரண்டையுமே விட்டு, நன்னெறிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1897-ல் வில்னாவில் தோன்றிய 'புந்த்' என்ற தொழிலாளர் கட்சியாரும், அதே சமயத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய சோஷலிஸ்டுகளும், ஜெபாலயத்தின் நிழல்கூடத் தங்கள்மேல் படக் கூடாது என்ற வைராக்கியத்தோடு, வீட்டில் பேசிய இத்திஷ் மொழியையே தங்கள் யூதத் தன்மைக்கு ஆதாரமாகக் கொண்டு, பள்ளிகளும், நாடகங்களும், பரஸ்பர சகாய சங்கங்களும், தங்களுக்கென்று இடுகாடுகளும்கூட நடத்தினார்கள். அந்த மொழி பேரக் குழந்தைகளின் நாவில் நிலைக்காதபோது அந்தக் கட்டடமும் தளர்ந்துவிட்டது.

இவர்களைவிட வைனுக்கு அருகில் நிற்கிறவர் மார்டிக்காய் கப்லான். யூத மதம் என்பது ஒரு நாகரிகம் என்று 1934-ல் பெரிய புத்தகமே எழுதியவர் அவர். இயற்கைக்கு அப்பாற்பட்ட கடவுளை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் பழைய பிரார்த்தனைகளில் பெரும் பகுதியை அவர் வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் புதிய வியாக்கியானம் செய்துகொண்டார். அதற்கே 1945-ல் வைதிக ரப்பிகள் கூடி அவரை விலக்கிவைத்ததோடு, அவருடைய ஜெபப் புத்தகத்தைத் தீயிலும் இட்டார்கள். கப்லான் வார்த்தையைக் காப்பாற்றி அர்த்தத்தை மாற்றினார். வைன் தம் அர்த்தத்துக்கு இசையாத வார்த்தையையே அகற்றினார். இவ்விரண்டில் எது மேல் என்று கேட்டால், வயதானவர்கள் முன்னதையும் இளைஞர்கள் பின்னதையும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். தாம் சொல்வது ஒரு பொருளில் சரிதான் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் சாமர்த்தியம் வயதோடு வளர்வது.

1971-ல் ஃபார்மிங்டன் ஹில்ஸ் பகுதியில் அந்தச் சபையார் கட்டிக்கொண்ட மண்டபத்தைப் பற்றிச் சொன்னால் அவர்கள் மனப்போக்கு விளங்கும். எந்த ஜெபாலயத்திலும் எல்லாருடைய முகமும் திரும்பியிருக்கும் சுவரில் ஒரு பேழை இருக்கும். அதற்குள், யூத வேதமாகிய தோராவைக் கையால் எழுதிய சுருள், பட்டு உறை போர்த்தி, வெள்ளி அணிகள் பூண்டு, ஒரு ராஜகுமாரிக்குரிய மரியாதையோடு வீற்றிருக்கும். பர்மிங்ஹாம் டெம்பிளில் அந்த இடத்தில் பேழை இல்லை. மனிதன் என்று பொருள்படும் 'ஆதாம்' என்ற எபிரேயச் சொல்லைச் சிற்பமாக வடித்துச் சுவரில் அமைத்தார்கள். தோராச் சுருளோ நூல்நிலையத்தில் வைக்கப்பட்டது. இது அவமதிப்பு என்று சிலர் சீறினார்கள். அதை எறியவில்லை, ஒளிக்கவில்லை. ஒரு மகத்தான பழைய நூலுக்கு மற்ற மகத்தான நூல்களின் நடுவே இடம் கொடுத்தோம் என்பது சபையாரின் சமாதானம். வேதத்தை வாசிக்க வேண்டுமானால் எழுந்து நடந்து போய் எடுத்துவர வேண்டும். ஓதுகிறவனுக்கு உள்ள இடத்தில் வாசகனை நிறுத்திய ஏற்பாடு அது.

மானிடவாத சபைகள் என்று பெயர் பெற்ற இத்தகைய சபைகள் இன்று வட அமெரிக்காவில் சில பத்து இருக்கின்றன. 1969-ல் டெட்ராய்ட், இல்லினாய்ஸ் மாநிலத்து டியர்ஃபீல்ட், கனெக்டிகட் மாநிலத்து வெஸ்ட்போர்ட் ஆகிய மூன்று ஊர்ச் சபைகள் சேர்ந்து தொடங்கிய சங்கம் இவற்றை இணைக்கிறது. 1985-ல் ஜெருசலேமில் ஏற்பட்ட கல்விக் கழகம் இவற்றுக்குரிய ரப்பிகளைப் பயிற்றுவிக்கிறது. அதன் வழியாக முதன்முதலில், 1999-ல், ரப்பிப் பட்டம் பெற்றவர் தமரா கோல்டன் என்ற பெண்மணி.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே நடப்பது, வெளிப்பார்வைக்கு, மற்ற ஜெபாலயங்களில் நடப்பதிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. சூரியன் சாயும் நேரத்தில் ஒரு குடும்பத்தார் முன்னால் வந்து இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றுவார்கள். திராட்சை ரசக் கிண்ணம் உயரும். பின்னல் போட்டுச் சுட்ட 'ஹல்லா' ரொட்டியின் மேல் போர்த்திய துணியை விலக்கிக் கையால் பிய்த்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். ஆனால் விளக்கேற்றும்போது சொல்லும் எபிரேய வாசகத்தில், கட்டளையிட்ட ஆண்டவனுக்கு ஸ்தோத்திரம் என்ற பகுதி இராது. உலகத்திலும் மனிதரிடத்திலும் உள்ள ஒளியைப் போற்றும் வாசகம் அந்த இடத்தில் வந்திருக்கும். மெட்டு மட்டும் பழையதாகவோ பழையதைப் போன்றதாகவோ இருக்கும். பிறகு பிரசங்கம், அது குடியேற்றச் சட்டத்தைப் பற்றியும் இருக்கலாம், காஃப்காவைப் பற்றியும் இருக்கலாம். பிரசங்கம் முடிந்ததும் கேள்விகள் கிளம்பும்; கேள்வி என்ற பெயரில் எதிர்ப் பிரசங்கங்களும் கிளம்பும். கடைசியில் பின்புறத்து மேஜையில் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரங்களைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டு காகிதக் கோப்பைகளில் காபி குடிக்கும்போதுதான், யாருக்கு வேலை போயிற்று, யார் மகள் எந்தக் கல்லூரிக்குப் போகிறாள், யாருக்கு டாக்டர் என்ன சொன்னார் என்ற சபையின் உண்மையான சமாசாரங்கள் வெளிவருகின்றன. அந்த மேஜையைத் துடைக்கிறவர்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய அதே நாலைந்து பேராகவே இருப்பார்கள் என்பதும், உலகத்துச் சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி.

பாவநிவாரண நாளாகிய யோம் கிப்பூரை அவர்கள் அநுஷ்டிக்கும் முறை என் மனத்தைக் கவர்ந்தது. அன்று மாலை தொடங்கும்போது ஓதப்படும் 'கோல் நித்ரே' என்பது, கூர்ந்து பார்த்தால் பிரார்த்தனையே அல்ல. செய்த சபதங்களை ரத்துச் செய்யும் ஒரு சட்ட வாசகம். அதன் சொற்களைவிட அதன் ராகம்தான் தலைமுறை தலைமுறையாக யூதர்களின் கண்ணில் நீர் வரச் செய்திருக்கிறது. ஆகையால் மதச்சார்பற்ற சபைகளில் சொற்களை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் செல்லோ வாத்தியத்தில் வாசிக்கச் செய்வதுண்டு. அந்த வாத்தியத்துக்காக 1880-ஐ ஒட்டி அதை அமைத்த மாக்ஸ் ப்ரூக் யூதரே அல்லர், புராட்டஸ்டன்டு கிறிஸ்தவர் என்பது இதில் ஒரு வேடிக்கை. மன்னிப்பு என்ற காரியத்தை அவர்கள் முற்றிலும் மனிதருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்த குற்றத்தை, அம்மனிதனைச் சமாதானப்படுத்தும்வரையில் யோம் கிப்பூர் தீர்ப்பதில்லை என்பது பழைய ரப்பிகள் சொன்ன நியாயமே. அந்த நியாயத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மேல்முறையீட்டுக்கு ஓர் உயர்ந்த நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பகைத்துக்கொண்ட தமையனிடம் நேரே போய் நிற்பதைவிட இருபத்தைந்து மணி நேரம் பட்டினி கிடப்பது எவ்வளவோ சுலபம் என்பதை, குடும்பம் உள்ளவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

பதின்மூன்று வயதில் பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்கையும் மாற்றியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் பிள்ளை தோராவின் ஒரு பகுதியை ஸ்வரத்தோடு ஓத வேண்டும். அர்த்தம் தெரியாமல் உருப்போட்டு ஒப்பித்துவிட்டு, பரிசுகளை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கல்யாணம் வரையில் ஜெபாலயத்தை எட்டிப் பார்க்காத பிள்ளைகளைப் பற்றி வைதிகர்களே அங்கலாய்ப்பதுண்டு. இங்கே பிள்ளையோ பெண்ணோ, தான் மதிக்கும் ஒருவரை யூத சரித்திரத்திலிருந்து தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் படித்து, ஆராய்ந்து, கட்டுரையாக எழுதிச் சபையின் முன் நின்று வாசிக்க வேண்டும். ஐன்ஸ்டீனை எடுத்துக்கொள்ளலாம், எம்மா கோல்ட்மனை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டில் பித்துக்கொண்ட பையனாக இருந்தால் சாண்டி கூஃபாக்ஸை எடுத்துக்கொள்ளலாம். கூஃபாக்ஸ் அநுஷ்டானங்களில் ஊறியவர் அல்லர். ஆயினும் 1965-ல் பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம் யோம் கிப்பூர் அன்று வந்தபோது, அந்த நாட்டிலேயே தலைசிறந்த பந்துவீச்சாளராகிய அவர் ஆட மறுத்துவிட்டார். அவருடைய அணி அன்றைக்குத் தோற்றது, தொடரை ஜெயித்தது. நம்பாத ஒருவர் அந்த நாளை ஏன் காத்தார் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை யோசித்துப் பதில் எழுதுமானால், அதைவிடச் சிறந்த சமயப் பயிற்சி வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

இந்தச் சபைகளுக்கு வந்து சேருகிறவர்களில் பலர், வேறு எங்கும் முழு மனத்தோடு வரவேற்கப்படாதவர்கள். யூதரல்லாதவரை மணந்தவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். பியூ ஆய்வு மையம் 2020-ல் எடுத்த கணக்குப்படி, 2010-க்குப் பிறகு திருமணம் செய்துகொண்ட அமெரிக்க யூதர்களில் 61 சதவீதத்தினர் யூதரல்லாத துணையை மணந்தவர்கள். அத்தகைய கல்யாணத்தை நடத்திவைக்க ஒரு ரப்பி கிடைப்பது ஒரு காலத்தில் எவ்வளவு துர்லபம் என்றால், பெண்ணின் தாயார் ஊர் ஊராகத் தொலைபேசியில் கெஞ்ச வேண்டியிருந்தது. வைன் தயக்கமின்றி நடத்திவைத்தார். அவரைப் பின்பற்றுகிறவர்களும் அவ்வாறே செய்கிறார்கள். யூதன் யார் என்ற கேள்விக்கும், அவர்களுடைய சர்வதேச சம்மேளனம் 1988-ல், யூத வம்சத்தில் பிறந்தவரோடு, யூத மக்களின் சரித்திரத்தையும் பண்பாட்டையும் விதியையும் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு தம்மை யூதர் என்று சொல்லிக்கொள்ளும் எவரும் யூதரே என்று விடை கூறிவிட்டது. மணச் சம்பந்தத்தால் வந்த ஐரிஷ் மருமகள் பஸ்கா விருந்துக்குக் கோழி சூப்பு வைத்து, மாமியாரின் மட்சா உருண்டையைவிடத் தன் உருண்டை மிருதுவாக வந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் சபை அது.

ஆட்சேபிக்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. சின்சினாட்டியில் பெத் ஆதாம் என்ற மானிடவாத சபை, சீர்திருத்த யூதர்களின் பேரமைப்பில் தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பித்தது. நெடுங்கால விவாதத்துக்குப் பிறகு 1994-ல் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கடவுளைப் பற்றி மௌனமாக இருக்கும் தனிமனிதனுக்கு எங்கள் ஜெபாலயத்தில் இடம் உண்டு, அந்த மௌனத்தையே ஆராதனையாக ஆக்கிக்கொண்ட சபைக்கு இடமில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். நாணயமாகச் சொன்னால், நம்பாதவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் உறுப்பினன், வாயைத் திறந்தால் வெளியாள் என்று ஆகிறது. அதே பியூ கணக்கில், பைபிள் வர்ணிக்கும் கடவுளை நம்புவதாகச் சொன்ன அமெரிக்க யூதர் 26 சதவீதமே. அமெரிக்க மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் அது 56 சதவீதம். மதம் எதுவும் தமக்கில்லை என்று சொல்லிக்கொண்ட யூதர்கள் 27 சதவீதம். ஆக, மானிடவாத சபையார் சொல்வதையே மனத்தில் நினைக்கும் யூதர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் இந்தச் சபைகளுக்குத் திரண்டு வரவில்லை? வைதிகர்கள், பார்த்தீர்களா, கடவுளை எடுத்துவிட்டால் கூட்டமும் போய்விடும் என்று ஜயபேரிகை கொட்டுகிறார்கள். சபையாரோ, எங்கள் செய்தி இன்னும் எல்லாருடைய காதிலும் விழவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டு விடையும் எனக்குத் திருப்தி தரவில்லை.

என் அபிப்பிராயம் இது. பழைய ஜெபாலயத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைநிறுத்திய சக்தி நம்பிக்கை மட்டுமல்ல, ஒரு கணக்கு. பத்துப் பேர் கூடினால்தான் சில முக்கியமான பிரார்த்தனைகளைச் சொல்லலாம் என்பது யூத சாஸ்திரம். அந்தப் பத்துக்கு 'மின்யான்' என்று பெயர். வைதிகர்களிடையே அது பத்து ஆண்கள். மற்றவர்களிடையே பெண்களையும் சேர்த்துப் பத்து. ஒன்பது மகான்கள் கூடியிருந்தாலும் பயனில்லை. பத்தாவது ஆளாக ஒரு செருப்புத் தைக்கிறவன் உள்ளே நுழைந்தால் காரியம் நடக்கும். குளிர்காலத்து விடியற்காலையில், போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஒருவன், நான் போகாவிட்டால் ஒன்பது பேர் நின்றுகொண்டே இருப்பார்கள் என்ற ஒரே நினைப்பினால் எழுந்து போயிருக்கிறான். அவன் கடவுளை நம்பினானா என்று யாரும் கேட்டதில்லை. நமக்கு அண்மையிலேயே கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-ல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தில் இதைக் கண்டிருக்கிறோம். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் தொடங்கி இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகு, மிஞ்சிய முதியவர்கள் பத்துப் பேரைச் சேர்க்க முடியாமல், ஊர் பார்க்க வந்த யூதப் பிரயாணிகளின் உதவியை எதிர்பார்த்திருந்தார்கள். பீங்கான் ஓடு பதித்த தரையும், சரவிளக்குகளும், தங்கக் கிரீடம் சூட்டிய சுருள்களும் எல்லாம் இருந்தன, ஆள் இல்லை.

மானிடவாத சபை தன் வார்த்தைகளைத் திருத்திக்கொண்டபோது, இந்தக் கணக்கையும் கூடவே கைவிட்டுவிட்டது. அங்கே ஐந்து பேர் வந்தாலும் விளக்கேற்றலாம், ஐம்பது பேர் வந்தாலும் ஏற்றலாம். யார் வராததனாலும் எதுவும் நின்றுவிடாது. சுதந்திரம் என்ற முறையில் அது அழகாக இருக்கிறது. ஆனால் தான் வராமலேயே நடக்கக்கூடிய ஒரு காரியத்துக்கு, மழை பெய்யும் மாலையில் ஒருவன் புறப்பட்டு வருவதற்குக் காரணம் என்ன? பிரசங்கம் நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம்தான். வைன் இருந்த காலத்தில் அது போதுமானதாகவே இருந்தது. அவருடைய வாக்குவன்மை அத்தகையது. 2007-ல் மொராக்கோவில் ஒரு மோட்டார் விபத்தில் அவர் மாண்டார். பிரசங்கத்துக்காக வந்தவர்களைச் சபைக்காக வருகிறவர்களாக மாற்றும் வேலை அவருக்குப் பின் வந்தவர்களின் தலையில் விழுந்தது.

இந்தக் குறை எங்கே வெளிப்படுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள், திருவிழாவை விட்டுவிட்டுச் சாவு வீட்டுக்குப் போக வேண்டும். தாயோ தந்தையோ இறந்தால் பிள்ளை பதினொரு மாதம் 'காதிஷ்' சொல்வது மரபு. பெரும்பாலும் அராமிய மொழியில் உள்ள அந்த வாசகத்தில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. முழுவதும் கடவுளின் நாமத்தைத் துதிப்பதே. எனவே பொய் சொல்லக் கூடாது என்ற விதியின்படி, முதலில் நீங்க வேண்டிய வாசகம் அதுதான். சில சபைகளில் அது நீங்கிவிட்டது. வேறு சிலவற்றில் உயிரையும் நினைவையும் போற்றும் புதிய வாசகம் அதன் சந்தத்தில் எழுதப்பட்டது. ஆயினும், வாழ்நாள் முழுவதும் நாஸ்திகனாக இருந்த ஒரு மனிதன், தகப்பனாரைப் புதைத்துவிட்டு வந்து, அந்தப் பழைய வாசகத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று கேட்பதுண்டு. அவன் கேட்டதைக் கொடுக்கலாமா, கூடாதா? கொடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. பாட்டனார் தம் பாட்டனாருக்காகச் சொன்ன அசைகளைத் துக்கத்தில் உச்சரிப்பவன், சிருஷ்டியைப் பற்றி எந்தச் சித்தாந்தத்தையும் சாதிக்கவில்லை. அவனிடம் போய் வாய்மையைப் பற்றி உபந்நியாசம் செய்வது, வாய்மையின் பெயரால் செய்யும் கொடுமை.

இன்னும் ஒரு படி உள்ளே போனால், அவனுக்கு வேண்டியிருப்பது அந்தச் சொற்கள்கூட அல்ல என்று தோன்றுகிறது. காதிஷைத் தனியே சொல்ல முடியாது. சொல்கிறவனுக்கு எதிரே நின்று 'ஆமேன்' என்று பதில் சொல்ல ஒன்பது பேராவது வேண்டும். பதினொரு மாதமும், தினமும், தன் துக்கத்துக்குச் சாட்சியாக ஒன்பது பேர் கிடைப்பார்கள் என்ற உத்தரவாதத்தை அந்தச் சாஸ்திரம் அவனுடைய பாட்டனாருக்குக் கொடுத்திருந்தது. அவர்கள் அன்பினால் வந்தார்களா, கட்டளைக்குப் பயந்து வந்தார்களா என்பது துக்கப்பட்டவனுக்கு அவசியமில்லாத விசாரணை, வந்தார்கள். அடக்கம் முடிந்து திரும்பியதும் சாப்பிடும் முதல் உணவு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும் என்பதும் மரபு. அவித்த முட்டையும் பருப்பும் அதில் இருக்கும். ஏழு நாள் துக்கத்தில் வீட்டார் தாழ்ந்த இருக்கைகளில் உட்கார்ந்திருக்க, வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பிணத்தைக் குளிப்பாட்டி வெள்ளை உடுத்துவதற்கென்று ஊர்தோறும் ஒரு சங்கம் உண்டு; அதில் பணியாற்றுகிறவர்கள் கூலி வாங்குவதில்லை, தங்கள் பெயரை வெளியே சொல்லிக்கொள்வதுமில்லை.

மானிடவாத சபைகளிலும் பராமரிப்புக் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள், துக்க வீட்டுக்குச் செல்கிறார்கள். அவர்களில் சிலருடைய தயாள குணம் எந்த வைதிகருக்கும் சளைத்ததல்ல. ஆனால் எல்லாம் விருப்பத்தின் பேரில் நடக்கிறது. ஊரில் எல்லாருக்கும் வேண்டியவராக இருந்து இறந்தவர் வீட்டுக்கு நாற்பது பாத்திரம் வந்து குவிகிறது. கூட்டத்தின் கடைசி நாற்காலியில் ஒண்டியாக உட்கார்ந்திருந்து, சந்தாவை ஒழுங்காகச் செலுத்திவிட்டு, ஒருவரோடும் பேசிப் பழகாத ஒரு கிழவர் தம் தமக்கையைப் பறிகொடுத்தால், அவர் வீட்டுக்கு யார் போவார்கள்? கட்டளை, வேண்டியவர் வேண்டாதவர் என்று பார்க்காது. விருப்பம் பார்க்கும்.

இஸ்ரேலில் வாழும் மதச்சார்பற்ற யூதனுக்கு, இவ்வாறு விருப்பத்தின் பேரில் ஒரு சபையை நாட வேண்டிய கவலை அவ்வளவாக இல்லை. அவன் பேசும் மொழியே எபிரேயம், அவனுடைய அரசாங்க விடுமுறை நாளே யோம் கிப்பூர். அமெரிக்காவில் இருப்பவனோ, சபை ஒன்றில் சேர்ந்து சந்தா கட்டினால்தான் தன் குழந்தைக்கு இவையெல்லாம் கிடைக்கும் என்று வருகிறான். சந்தாவுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம், பண்டிகைக் காலத்தில் இருக்கை, கடைசியில் மகனுடைய பதின்மூன்று வயதுச் சடங்கு. அது முடிந்ததும் மறு ஆண்டு சந்தா வருவதில்லை என்பது அமெரிக்காவில் எல்லா வகை ஜெபாலயத்தின் பொருளாளருக்கும் தெரிந்த துயரம். கடையில் சரக்கு வாங்கியவன் மறுபடியும் வரவில்லை என்று யார் கோபித்துக்கொள்ள முடியும்?

ஆகையால், புதிதாகச் சேருகிறவர் கையெழுத்திடும் விண்ணப்பத்தில், சந்தாத் தொகைக்குக் கீழே, இன்னொரு வரியையும் இச்சபைகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் யோசனை. சபையைச் சேர்ந்த எவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும், ஏழு மாலைகளும் பத்துப் பத்துப் பேர் அந்த வீட்டில் இருக்கும்படி முறை வகுத்துக்கொள்ள வேண்டும். முறை சீட்டுக் குலுக்கிப் போட்டு வர வேண்டுமே தவிர, யார் வருகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டுக் கை தூக்கச் சொல்லக் கூடாது. வர முடியாதவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளைத் தாமே தேடி அனுப்ப வேண்டும். அந்த மாலையில் காதிஷ் சொல்வதா, மௌனமாக இருப்பதா, இறந்தவருக்குப் பிடித்த பாட்டைப் பாடுவதா என்பதை வீட்டார் தீர்மானித்துக்கொள்ளட்டும். கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டதும், எதிலிருந்து தப்பி வந்தோமோ அதையே மறுபடியும் கொண்டுவருகிறாயா என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். தாங்கள் ஓதிய ஒவ்வொரு வாசகத்தையும் விவாதித்து, ஒப்புக்கொண்டதை வைத்து, ஒப்பாததைத் தள்ளிய துணிச்சல் படைத்தவர்கள் அவர்கள். எவரும் மேலிருந்து இடாத ஒரு கட்டளையைத் தங்களுக்குத் தாங்களே இட்டுக்கொள்வதற்கு அவர்களைவிடத் தகுதியுள்ளவர் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் ஆண்டில் ஏழு மாலைகளுக்கும் ஆள் கிடைக்காது. மூன்று மாலைக்குக் கிடைத்தாலும், கடைசி நாற்காலிக் கிழவரின் வீட்டு வாசல் மணியை அந்த மூன்று மாலையும் யாராவது வந்து அடிப்பார்கள்.